ஒரு டிரம்போனுக்குப் பதினொரு டொலர் அச்சாரம்

"பின்பக்கமாக வருகிற குப்பை லொறி" என்றார் எங்கள் குழுத் தலைவி. என் டிரம்போன் சத்தத்தைத்தான் சொன்னார்.

பதினெட்டுப் பேர் கொண்ட ஜாஸ் குழு அது. மெல்பேர்ணின் தென்கிழக்கில் ஒரு பௌலிங் கிளப்பின் பின் மண்டபத்தில் வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்குக் கூடும். மூன்றாவது டிரம்போன் கதிரையில் நான் ஆறு மாதமாகப் பரீட்சார்த்தமாக உட்கார்ந்திருந்தேன். தலைவி பகலில் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பிக்கிறவர். அங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாததையெல்லாம் சேர்த்து வைத்திருந்து வியாழக்கிழமை எங்களிடம் கொண்டுவந்து கொட்டுவார்.

டிசம்பரின் கடைசி ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். "பிழை உன்னில் பாதிதான். மற்றப் பாதி உன் கையில் இருக்கிற குழாயில். அது பெரிய வாத்தியக் குழுவுக்குச் செய்தது. அதை வைத்துக்கொண்டு ஜாஸ் வாசிப்பது பஸ்ஸை ஓட்டிக்கொண்டு சந்துக்குள் போகிற மாதிரி. சின்னக் குழாய் டிரம்போன் ஒன்றுடன் வா. பெப்ரவரி முதல் வியாழன் வரைக்கும் கதிரையை வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு இல்லை."

அதற்குப் பிறகு அந்தக் கதிரை ஓர் உடற்பயிற்சி ஆசிரியைக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் சரியான கருவியோடு வாசலில் காத்திருந்தார்.

சின்னக் குழாய்க்கும் பெரிய குழாய்க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். டிரம்போனின் முன்பக்கம் இழுத்து இழுத்துத் தள்ளுகிற நீளக் குழாயின் உள் விட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. சின்னது அரை அங்குலம். பெரியது அதைவிட ஒரு மில்லிமீற்றரும் கொஞ்சமும் கூட. அந்த ஒரு மில்லிமீற்றருக்காகத்தான் இவ்வளவும்.

டிரம்போனை நானாக விரும்பிப் படித்ததில்லை. இலங்கையிலிருந்து வள்ளத்தில் வந்து, பிடிபட்டு, விடுபட்டு, மெல்பேர்ணின் வடக்கே கிரெய்கிபர்னில் நாங்கள் ஒரு வாடகை வீட்டில் குடியேறிய வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு வாத்தியம் எடுக்க வேண்டும் என்று ஒரு படிவம் தந்தார்கள். அப்பா மூன்றாம் வகுப்பு வரை. அம்மா ஐந்தாம் வகுப்பு; அதுவும் பாதியில் நின்றது. ஆகவே வீட்டுக்கு வருகிற எல்லாக் காகிதத்தையும் வாசிப்பது என் வேலை. விசாக் கடிதம், கரண்ட் பில், அப்பா வேலை செய்த கோழித் தொழிற்சாலையின் பாதுகாப்பு விதிகள், ஷாம்பூ போத்தலின் பின்பக்கம், எல்லாம். அந்தப் படிவத்தையும் சத்தமாகத் தமிழில் வாசித்தேன். வயலின், புல்லாங்குழல், கிளாரினெட், எல்லாவற்றுக்கும் எதிரே வாடகை போட்டிருந்தது. டிரம்போனுக்கு எதிரே மட்டும் "இலவசம்".

"அதை எடு" என்றார் அப்பா.

"என்னெண்டு தெரியாமல்?" என்றார் அம்மா.

"ஒருத்தரும் எடுக்காததைத்தான் சும்மா குடுப்பாங்கள். நாங்கள் எடுத்தால் நன்றியா இருப்பாங்கள்."

மூன்று நாள் கழித்து என்னைவிட உயரமான பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இது குசினிக் குழாயெல்லோ" என்றார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்து டிரம்போன், பல்கலைக்கழக இசை அலுமாரியின் டிரம்போன், அதையும் திருப்பிக் கொடுக்கும்படி வந்த மூன்று ஈமெயில் என்று காலம் போயிற்று. இப்போது கிளேட்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய் கழுவுகிற உத்தியோகம். பெயர்ப்பலகையில் அப்படிப் போடவில்லை. ஆனால் அதுதான் வேலை.

ஒரு குடும்பத்தில் முதல் முதலாகப் படித்தவனிடம் ஒரு வியாதி இருக்கும்: வாசித்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று நம்புவான். டிசம்பருக்கு முன்பே நான் நாலு மாதமாகச் சின்னக் குழாய் டிரம்போன்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். எந்த வருடத்துக் கருவியில் எந்த இடத்தில் இலக்கம் வெட்டியிருக்கும், இழுவைக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து விட்டால் எப்படி விழ வேண்டும், உள்ளிருந்து அரிக்கிற பித்தளை வெளியே எப்படிச் சிவப்புப் புள்ளி போடும், எல்லாம் தெரியும். ஒன்றைக்கூடக் கையில் தொட்டது கிடையாது. சின்னக் குழாய்க்குப் பொருந்துகிற ஊதுவாயை மட்டும் முதலிலேயே வாங்கி, காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மதிய இடைவேளையில் கார் தரிப்பிடத்தில் நின்று அதைத் தனியே ஊதிப் பழகுவேன். தனி ஊதுவாய் சளி பிடித்த வாத்து மாதிரிச் சத்தம் போடும்.

ஜனவரி இரண்டாவது கிழமை இணையத்தில் அந்த விளம்பரம் வந்தது. அமெரிக்காவில் செய்தது, எழுபது வயதுக்குக் கிட்ட, அரை அங்குலக் குழாய், "பெட்டி மணக்கும், கருவி மணக்காது" என்று எழுதியிருந்தது. சிட்னியில், வென்ட்வேர்த்விலுக்குப் பக்கத்தில். தபாலில் அனுப்பமாட்டார்களாம்; நேரில் வந்து எடுக்க வேண்டும். வென்ட்வேர்த்விலில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறார். நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர். விற்கிறவருக்கு எழுதினேன். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு வரச் சொல்லி, தெருவின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். தெருவுக்கு வந்ததும் எடுத்தால் வீட்டு இலக்கம் சொல்வாராம். ஆறு மணிக்கு இன்னொருவர் வருகிறார், முதலில் காசு தருகிறவருக்குத்தான் என்றும் எழுதியிருந்தார். பெப்ரவரி முதல் வியாழனுக்கு இரண்டரைக் கிழமைதான் மிச்சம். நாடு முழுக்க அந்தக் கிழமை விற்பனைக்கு இருந்த ஒரேயொரு அரை அங்குலம் அதுதான். நான் தேடிப் பார்த்தேன். சனிக்கிழமை சிட்னியில் போய் இறங்கினேன்.

ஞாயிறு பின்னேரம் அன்ரியின் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா தொலைபேசியில், ஸ்பீக்கரில்.

"எத்தினை மணிக்குப் போறாய்?"

"அஞ்சுக்கு."

"இண்டைக்கு ஞாயிறெல்லோ?"

"ஓம்."

"ஞாயிறு நாலரையிலை இருந்து ஆறு" என்றார்கள் அம்மாவும் அன்ரியும் ஒரே மூச்சில், ஒருவர் கிரெய்கிபர்னில், மற்றவர் என் முன்னால் வடைச் சட்டியோடு. அன்ரி குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த கலண்டரைக் கரண்டியால் தட்டினார். வருடாவருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற கலண்டர் அது. ராகு காலம் சிவப்பு எழுத்தில்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லலாம். ஆனால் எங்கள் வீட்டுக் கலண்டரையும் பத்து வயதிலிருந்து நான்தான் வாசித்து வந்தேன். அம்மா அந்த நேரங்களை மனப்பாடமாக்கியது என் வாயைக் கேட்டுத்தான். நானே ஊட்டி வளர்த்த ராகுவோடு நான் எப்படிச் சண்டை போடுவது.

"ஆறுக்குப் பிறகு போவன்" என்றார் அம்மா.

"ஆறுக்கு வேறை ஒராள் வருது அம்மா."

"அப்ப இப்ப போ."

"அவ அஞ்சுக்குத்தான் வீட்டை வருவா."

"ஒரு சாமானை முதல் முதல் வாங்கேக்கை..." என்று அம்மா தொடங்கினார். அந்த வசனம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் முதல் கார் ராகு காலத்தில் வாங்கியது. அது ஒன்பது நாள் ஓடியது.

அப்போதுதான் அங்கிள் உள்ளே வந்தார். அன்ரியின் கணவர். முப்பது வருடமாகப் பழைய கார் வாங்கி விற்கிறவர். எந்தப் பிரச்சினைக்கும் கார்ச் சந்தையில் ஒரு வழி வைத்திருப்பார்.

"என்னத்துக்குக் கரைச்சல்? அச்சாரம் குடுத்து விடு. நாலரைக்கு முதல் அச்சாரம் போனால் வியாபாரம் நல்ல நேரத்திலை தொடங்கினதாத்தான் அர்த்தம். மிச்சத்தை எப்பவும் குடுக்கலாம். நான் எத்தினை கார் அப்பிடி வாங்கினனான்."

அன்ரி யோசித்தார். "அது சரிதான்" என்றார். அம்மாவும் தொலைபேசியில், "அது சரிதான்" என்றார்.

"எவ்வளவு?"

"பதினொண்டு போடு. ஒண்டிலை முடியவேணும்."

இந்த நாட்டில் ஒருவருடைய தொலைபேசி இலக்கம் இருந்தால் போதும், வங்கிச் செயலியால் காசு அனுப்பிவிடலாம். நாலு பன்னிரண்டுக்குப் பதினொரு டொலரை அனுப்பினேன். கூடவே ஆங்கிலத்தில் ஒரு செய்தி. மரியாதையாக இருக்க வேண்டும் என்று இரண்டு தரம் திருத்தி எழுதினேன்: "வணக்கம். இந்தச் சிறு தொகையை நாலரைக்கு முன்னர் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளவும். இது அவசரம். என் குடும்பத்துக்கு மிக முக்கியமானது. விபரத்தை நேரில் சொல்கிறேன்."

நாலு முப்பத்தைந்துக்குப் பதினொரு டொலரும் திரும்பி வந்தது. "நல்ல முயற்சி, நண்பா" என்ற ஒரு வரியோடு. விளம்பரத்தைப் போய்ப் பார்த்தேன். எனக்கு அது தெரியவில்லை; என்னைத் தடுத்துவிட்டார். தொலைபேசியில் எடுத்தேன், ஒரு தரம் அடித்துவிட்டு நின்றது.

நான் அனுப்பிய செய்தியைத் திரும்ப வாசித்தேன். எங்கள் கிரெய்கிபர்ன் குளிர்ப்பெட்டியில் நான் எழுதி ஒட்டிய காகிதம் ஒன்று இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கள்ளர்களிடம் ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதியது. கள்ளச் செய்தியின் அடையாளங்கள்: அவசரம் என்பார்கள், குடும்பம் என்பார்கள், முதலில் ஒரு சிறு தொகை பற்றிப் பேசுவார்கள், ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் என்பார்கள், விபரம் பிறகு என்பார்கள். அவற்றில் ஒன்றையும் விடாமல் என் செய்தியில் எழுதியிருந்தேன்.

"என்ன சொல்லுறா?" என்றார் அன்ரி.

"என்னைக் கள்ளன் எண்டு நினைச்சிட்டா."

"பதினொரு டொலர் குடுக்கிற கள்ளன் ஆர்?" என்றார் அங்கிள், கார் திறப்பை எடுத்துக்கொண்டே. "வா. தெரு தெரியுமெல்லோ. போய் நிண்டு பாப்பம்."

அன்ரியும் ஏறினார். நான் ராகு காலத்தில் தனியே போகக் கூடாதாம். அங்கிளைக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தத் தெருவில் நாற்பது வீடாவது இருக்கும். எல்லாம் ஒரே செங்கல், ஒரே குப்பைப் பெட்டி. ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தோம். முதல் வீட்டில் கதவைத் தட்டினேன், ஆளில்லை. இரண்டாவது வீட்டில் ஒருவர் கதவைத் திறக்காமலே, "சோலார் பனல் வேண்டாம்" என்றார். மூன்றாவதில் நாய்.

"நம்பர் தராமல் தெருவை மட்டும் தந்தவவோ?" என்றார் அங்கிள். "நல்ல கெட்டிக்காரி. என்னட்டைக் கார் வாங்க வாறவைக்கு நானும் இனி இப்பிடித்தான் செய்யவேணும்."

ஐந்து பத்தாயிற்று. பெப்ரவரி வியாழன் கண்ணுக்குள் வந்து நின்றது. கதிரையில் உடற்பயிற்சி ஆசிரியை, நேரான முதுகோடு.

கையைப் பையில் விட்டேன். ஊதுவாய் இருந்தது.

நடைபாதைப் புல்லில் நின்று அதை வாயில் வைத்தேன். ஒரு சுரத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல மேலே ஏறினேன். சளி பிடித்த வாத்து ஒன்று மாடிப்படி ஏறுகிறது என்று வையுங்கள். இரண்டு நாய்கள் சேர்ந்துகொண்டன. அன்ரி காருக்குள் குனிந்து மறைந்தார். சோலார் பனல் வேண்டாம் என்றவர் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார். நான் திரும்பவும் கீழேயிருந்து தொடங்கினேன். மூன்றாம் தரம் ஊதும்போது எதிர் வரிசையில் ஒரு கராஜ் கதவு பாதிக்கு உயர்ந்தது. அதன் கீழே இரண்டு செருப்புக் கால் தெரிந்தது.

"யார் அது? மேலே ஏற ஏறச் சுருதி விழுகிறது" என்றது ஒரு பெண் குரல்.

"தெரியும்" என்றேன். "கருவி இருந்தால் விழாது."

கதவு முழுக்க உயர்ந்தது. அறுபத்தைந்து வயது இருக்கும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று பிறகு சொன்னார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ஊதுவாயைப் பார்த்தார்.

"நீதானா அந்தப் பதினொரு டொலர்?"

"ஓம்" என்றேன், அவசரத்தில் தமிழில்.

"இந்தக் கிழமை மட்டும் இரண்டு கள்ளன் வந்துவிட்டான். ஒருவன் கூரியர் கம்பனி என்றான். நீ மூன்றாவது என்று நினைத்தேன். ஆனால் கள்ளன் ஊதுவாய் கொண்டு திரியமாட்டான். ஏன் நாலரைக்கு முன்?"

நான் வாயைத் திறக்க முதலே அங்கிள் வந்துவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கினார். ஒரு பாம்பு இருக்கிறது. அது ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் கெட்ட வேலை செய்யும். அப்போது ஒன்றும் வாங்கக் கூடாது.

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும். வேறு வேறு நேரம்."

"சனி ஞாயிறும் உண்டா?"

"ஞாயிறு நாலரை தொடக்கம் ஆறு."

"நான் ஓட்டின பஸ்ஸைவிட நேரம் தவறாத பாம்பு" என்றார் அவர். "உள்ளே வாருங்கள்."

கருவி ஒரு மேசையில் இருந்தது. பெட்டி மணக்கும் என்றது உண்மை. மழையில் நனைந்த பூனை. கருவி அழகில்லை. இடது கை பிடிக்கிற இடத்தில் பொன்னிறப் பூச்சு தேய்ந்து, பித்தளை கறுத்திருந்தது. விரிந்த வாய்ப்பக்கம் ஒரு நெளிவு. இலக்கத்தைப் பார்த்தேன், சரி. இழுவைக் குழாயை நிமிர்த்தி விட்டேன். எண்ணெயில் போகிற மாதிரி இறங்கி, அடியில் ஒரு மெல்லிய மூச்சோடு நின்றது. இத்தனை மாத வாசிப்பும் முடிந்துவிட்டது. இனி ஊத வேண்டும்.

"ஏன் விக்கிறாவெண்டு கேள்" என்றார் அங்கிள். எந்தக் காரையும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குவாராம்.

கேட்டேன். அவர் வாயைத் திறந்து முன்பற்களை விரலால் தட்டிக் காட்டினார். "கட்டின பல். ஊதினால் பல் உள்ளே போகிறது. இதைச் சுவரில் கொழுவி விளக்குப் போடுகிறவனுக்கு விற்கமாட்டேன். ஊது, பார்ப்போம்."

பெரிய குழாயில் பழகின மூச்சை அப்படியே விட்டேன். முதற் சுரம் இரண்டாக வெடித்து, கராஜில் தொங்கிய சைக்கிள் ஒன்று அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சைப் பாதியாக்கினேன். பெரியதில் மூச்சு கிணற்றில் போட்ட கல். எப்போது அடியில் விழும் என்று காத்திருக்க வேண்டும். இது உதட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பதில் சொன்னது. எங்கள் குழுவின் ஒரு பாட்டில் மூன்றாவது டிரம்போனுக்கு வருகிற எட்டு வரியையும் வாசித்தேன். ஒரு மில்லிமீற்றரும் கொஞ்சமும். என் காதைச் சந்தேகப்பட்டுத் திரும்பவும் வாசித்தேன்.

"லொறி மாதிரி இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை. சின்ன வான்" என்றார். "வேண்டுமென்றால் இப்போது காசு. ஆறு மணிக்கு வருகிறவன் நியூகாசிலில் இருந்து கார் ஓட்டி வருகிறான். அவன் முதலில் தந்தால் அவனுக்கு. நான் ஒருவருக்கும் எடுத்து வைக்கமாட்டேன்."

மணி ஐந்து இருபத்தைந்து. நான் தொலைபேசியை எடுத்தேன். அன்ரி காரைவிட்டு இறங்கி வந்து, கராஜ் வாசல் கோட்டைத் தாண்டாமல் நின்றார்.

"தம்பி, திருப்பி அனுப்பின காசு எத்தினை மணிக்கு வந்தது?"

"நாலு முப்பத்தைஞ்சு."

"ராகு காலத்திலை அச்சாரம் திரும்பியிருக்கு." குரல் தாழ்ந்துவிட்டது. "அது முறிஞ்ச வியாபாரம். இனி ஆறு அடிச்சுத்தான் புதுசாத் தொடங்கவேணும்."

"ஆறு அடிச்சால் மற்ற ஆள் வந்திடும் அன்ரி."

"வரட்டும். உனக்கெண்டால் நிக்கும். நான் கொம்மாவுக்கு என்ன பதில் சொல்லுறது?"

அதுதான் சிக்கல். வாங்கிவிடலாம், யாரும் கையைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் அதை ஊதுகிற ஒவ்வொரு நாளும், நெளிகிற ஒவ்வொரு முறையும், நான் தடக்கி விழுகிற ஒவ்வொரு படியிலும், அம்மா பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விடுவார். வாங்காவிட்டால் கதிரை போய்விடும்.

புல்வெளிக்குப் போய் நின்றேன். சூரியன் உச்சியிலிருந்து இறங்கவே மனமில்லாமல் நின்றது. ஜனவரியில் சிட்னி அப்படித்தான். எட்டு மணிக்கும் வெயில். அந்த வெயிலைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக வாசித்துக் காட்டினேனே, ஒரு நாளாவது கணக்குப் பார்த்தேனா? சூரியன் எழுவதிலிருந்து விழுவது வரை உள்ள பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். ஞாயிறுக்கு அதில் கடைசிப் பங்கு. ஊரில் ஆறுக்கு எழுந்து ஆறுக்கு விழுகிற சூரியனுக்குத்தான் அது நாலரையும் ஆறும். இங்கே இன்றைக்குச் சூரியன் எட்டு ஐந்துக்கு விழும். உள்ளூர்க் கோயில் ஒன்றின் பஞ்சாங்கத்தைத் தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். சரியாகப் போட்டிருந்தார்கள்: ஞாயிறு ராகு காலம் ஆறு இருபது தொடக்கம் எட்டு ஐந்து.

ஓடிப்போய் அன்ரிக்குக் காட்டினேன். "இப்ப ராகு காலம் இல்லை. ஆறு இருபதுக்குத்தான் வருது. இப்ப நல்ல நேரம்."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ராகு எங்கட ஊர் ஆள், தம்பி" என்றார் கடைசியில். "அவருக்கு இந்த நாட்டு மணிக்கூடு தெரியாது."

"சரி, ஊர் நேரப்படி பாப்பம். இப்ப அங்கை மத்தியானம் பன்னிரண்டு. அங்கையும் ராகு காலம் இல்லை. இங்கத்தைய சூரியனுக்கும் இல்லை, அங்கத்தைய மணிக்கூட்டுக்கும் இல்லை. அங்கத்தைய கலண்டரை இங்கத்தைய மணிக்கூட்டிலை பாத்தால் மட்டும்தான் இருக்கு."

"அதுதானே எங்கட வழக்கம்" என்றார் அன்ரி.

அங்கிள் இவ்வளவு நேரமும் விரலை மடித்து ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். "பொறு. எங்கட கலியாண எழுத்து இங்கை நடந்தது ஒரு டிசம்பர் ஞாயிறு. உன்ரை அன்ரிதான் ஆறு மணி கழியட்டும் எண்டு எல்லாரையும் மறிச்சு வைச்சு, ஆறரைக்குக் கையெழுத்துப் போட்டனாங்கள். அப்ப அது ராகு காலம்." முகம் மலர்ந்துவிட்டது. "முப்பது வருசமா எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது."

"வாயை மூடிக்கொண்டு நிக்கிறியளே."

"இல்லை, தம்பி படிச்ச பெடியன், சரியாத்தான் சொல்லுவான்."

அன்ரி என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு கைப்பையை இறுக்கிப் பிடித்தார். "நான் காருக்குள்ளை இருக்கிறன். மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு. நான் ஒண்டும் காணேல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து நாற்பதுக்குக் காசை அனுப்பினேன். முதல் தடவையாக ஒருவருக்குப் பெரிய தொகை அனுப்பினால் என் வங்கி ஒரு நாள் மறித்து வைத்திருக்கும். அந்தப் பயம் இருந்தது. மறிக்கவில்லை. அன்று பின்னேரமே ஒரு தடவை அனுப்பியிருந்தேனே, அந்தப் பதினொரு டொலரால் அவர் எனக்குப் பழைய ஆளாகிவிட்டார். வங்கியைப் பற்றி அங்கிளுக்கு நான் வாய் தவறிச் சொல்ல, அவர் காருக்குப் போய் அன்ரிக்குச் சொல்ல, அன்ரி அங்கேயே அம்மாவை எடுத்து, "அச்சாரத்தாலைதான் காசே போனது" என்று அறிவித்தார். என் சூரியக் கணக்கு அதோடு அடிபட்டுப் போயிற்று.

நாங்கள் தெருமுனையில் திரும்பும்போது நியூகாசில்காரரின் காரை நான் தேடவில்லை என்று சொன்னால் பொய். ஒரு வெள்ளைக் கார் வேகமாக உள்ளே போயிற்று. அதுவாகத்தான் இருக்கும்.

விமானத்தில் பெட்டியைத் தூக்கி எறிவார்கள் என்று பயந்து, பகல் ரயிலில் பதினொரு மணித்தியாலம் அதை முழங்காலில் வைத்துக்கொண்டு மெல்பேர்ணுக்கு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் அரை மணித்தியாலத்தில் இடம் மாறினார். பூனை மணம்.

வழியில் அம்மா எடுத்தார். "அன்ரி ஏதோ ராகு காலம் பிழையெண்டு சொல்லுறா."

"பிழையில்லை அம்மா. இங்கை நேரம் வேறை."

"அப்ப நாங்கள் நிரந்தர விசாவுக்குப் போர்ம் குடுத்தது? திங்கக்கிழமை. ஒன்பது கழியட்டுமெண்டு வெளியிலை குளிருக்கை நிண்டு, ஒன்பதேகாலுக்குக் குடுத்தது."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். குளிர்காலம், ஏழரைக்கு எழுகிற சூரியன், ஐந்துக்கு விழுவது. எட்டாகப் பிரித்து, இரண்டாவது பங்கு. மனக்கணக்கிலேயே தெரிந்துவிட்டது. எட்டே முக்காலிலிருந்து பத்து மணிக்குக் கிட்ட. நடு ராகுவில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். விசாவும் கிடைத்தது.

"அது நல்ல நேரம் அம்மா" என்றேன். "நான் பாத்தனான்."

"எனக்குத் தெரியும்" என்றார்.

பெப்ரவரி முதல் வியாழன் தலைவி என்னைத் தனியாக ஒரு பக்கம் முழுக்க வாசிக்கச் சொன்னார். பதினேழு பேரும் கதவருகே நின்ற உடற்பயிற்சி ஆசிரியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசித்து முடித்தேன். தலைவி கையிலிருந்த பென்சிலைக் காதில் சொருகினார்.

"லொறி போய்விட்டது. குப்பை இன்னும் இருக்கிறது. அதை இந்த வருடம் முழுக்கப் பொறுக்குவோம். உட்கார்."

உடற்பயிற்சி ஆசிரியைக்கும் இடம் கிடைத்தது. நாலாவது கதிரைக்காரர் அடிலெய்டுக்கு மாறிப் போனார். இப்போது ஆசிரியை எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். என் முதுகு வளைகிறது என்று ஒவ்வொரு வியாழனும் சொல்கிறார்.

வீட்டில் நடந்தது வேறு. எங்கள் கலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே மெல்பேர்ண் நேரத்தைப் பேனாவால் எழுதித் தரச் சொன்னார் அம்மா. ஒரு ஞாயிறு முழுக்க இருந்து எழுதினேன். பழையதை வெட்டிவிடவா என்று கேட்டேன்.

"ஏன் வெட்டுறாய்? அதுவும் இருக்கட்டும்."

"அம்மா, ஒண்டுதான் சரி."

"எது சரியெண்டு ஆருக்குத் தெரியும்? ரெண்டையும் விட்டால் பிழையில்லை."

அப்பா, கோழித் தொழிற்சாலைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "படிப்பிச்சால் இதுதான். ஒரு ராகு இருந்தார், இப்ப ரெண்டு பேர்" என்றார்.

இப்போது ஞாயிறு பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு வரை ஒரு ராகு, ஆறு நாற்பதிலிருந்து எட்டரை வரை மற்ற ராகு. இடையில் உள்ள நாற்பது நிமிடத்தில் அம்மா உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் போடுவார், அந்தச் சத்தத்தில் வாசிக்க முடியாது. எனக்கு வீட்டில் பயிற்சி செய்யக் கிடைக்கிற ஒரே பின்னேரம் ஞாயிறு. ஆகவே நாலு இருபத்தைந்துக்குப் பெட்டியைத் திறந்து, கருவியைப் பூட்டி, ஒரேயொரு சுரம் ஊதுவேன். பிறகு ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து எட்டு மணி வரை வாசிப்பேன். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. நல்ல நேரத்தில் அச்சாரம் கொடுத்தாயிற்று.